பவனிக்கு வந்த கழுதை

இந்த வருஷம் குருத்து ஞாயிறு பவனிக்கு உயிருள்ள கழுதை வேண்டும் என்று சொன்னது ஆரோக்கியசாமிதான். படைக்கலத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மராட்டிய ஊரின் பங்கில் தமிழ்ச் சமூகத்துக்குப் பதினோரு வருஷமாக அவர்தான் செயலாளர். போன வருஷம் அட்டையில் வெட்டிய கழுதையைச் சக்கரப் பலகையில் நிறுத்தி இழுத்துப் போனார்கள். பாதி வழியில் சக்கரம் கழன்று கழுதை குப்புற விழுந்தது. அடுத்த பூசைக்காகக் காத்திருந்த மராட்டிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அவரால் மறக்க முடியவில்லை.

"நெசக் கழுதையே வரட்டும். நம்ம ஜெபகுமார் இயேசுவா அதுமேல உக்காந்து வந்தான்னா அசல் ஜெருசலேம் மாதிரியே இருக்கும்," என்றார் கூட்டத்தில்.

கழுதை பிடிக்கும் வேலை ஸ்டெல்லாவின் தலையில் விழுந்தது. அவள் குடியிருப்பது கசார்வாடி. தளேகாவில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக லோக்கல் ரயிலில் போய் வருகிறாள். நசுங்கிய விரலுக்கும் கண்ணில் பறந்த இரும்புத் தூளுக்கும் நடுவே அவளுடைய இந்தியும் மராட்டியும் நன்றாகத் தேறிவிட்டன. தமிழ்ச் சமூகத்தில் வெளியாட்களிடம் பேச வேண்டிய எந்தக் காரியமும் கடைசியில் அவளிடம்தான் வரும்.

இந்த வேலையை மட்டும் அவள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், லாரி நுழைய முடியாத சந்து ஒன்றில் நான்கு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கழுதைகள்தான் செங்கல்லும் மணலும் சுமந்தன. காலை ஏழே காலுக்கு அவள் ரயிலுக்கு ஓடும்போது அவை வரிசையாக எதிரே வரும். அவளுக்கு அது பார்த்துப் பழகிய முகங்கள் எதிர்ப்படுவது போல இருக்கும். ஒதுங்கி வழிவிடுவாள். சில நாள் அவை ஒதுங்கி அவளுக்கு வழிவிடும். அவளைப் போலவே அவையும் வேலைக்குப் போகின்றன என்று நினைத்துக்கொள்வாள். அவற்றில் ஒன்றுக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் மரியாதையும் கிடைக்கட்டுமே என்று தோன்றியது.

கழுதைக்காரன் பெயர் கிருஷ்ணா. முப்பத்தைந்து வயதிருக்கும். மராட்டியும் இந்தியும் கலந்து பேசினான். ஏழு கழுதைகள் அவனுக்கு. மூக்கு வெளுத்த, கொழுகொழுவென்ற சாம்பல் நிறக் கழுதை ஒன்றைக் காட்டி, "இத அனுப்பு. சர்ச்சுல ஊர்வலம். ஒரு மணி நேரந்தான்," என்றாள் ஸ்டெல்லா.

"சாமி காரியம்தானே தீதி, அனுப்பறேன்," என்றான்.

ஞாயிறு காலை ஆறரைக்கு அவள் கோயில் வளாகத்துக்குள் நுழைந்தபோது கழுதை ஏற்கெனவே வந்திருந்தது. பாடகர் குழுவின் ரீனா தன் கையால் தைத்த சிவப்புச் சாட்டின் துணியை அதன் முதுகில் கிடந்த சாக்கின் மேல் போர்த்தி, ஓரத்துத் தங்கச் சரிகையை நீவிக்கொண்டிருந்தாள். ஆனால் இது ஸ்டெல்லா காட்டிய கழுதை இல்லை. பழுப்பு நிறம். விலா எலும்பு தெரிந்தது. தலையைத் தரைக்குத் தொங்கவிட்டு நின்றது. சுற்றி இவ்வளவு பேர் இருந்தும் காது அசையவில்லை.

துணியின் நடுவில் ஈ மொய்த்தது. கிட்டே போனதும் ஸ்டெல்லாவுக்கு நாற்றம் அடித்தது. அந்த நாற்றத்தை அவளுக்குத் தெரியும். கட்டை அவிழ்க்காமல் ஒரு வாரம் கழித்து வருகிற தொழிலாளியின் காலில் அடிக்கிற நாற்றம். துணியின் ஓரத்தையும் அடியில் கிடந்த சாக்கையும் தூக்கிப் பார்த்தாள்.

முதுகெலும்பின் மேல், உள்ளங்கை அகலத்துக்குத் தோலே இல்லை. நடுவில் சீழ் கட்டி, ஓரம் தடித்துக் கறுத்திருந்தது. ஒரு பக்கத்தில் குழி விழுந்து, அதற்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

"ரீனா, துணிய எடு."

"ஏன் ஆண்ட்டி, இப்பத்தான பின்னு குத்தினேன்?"

"புழு வச்சிருக்கு. எடு."

ரீனா பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் ஆரோக்கியசாமி கையில் மெகாபோனோடு வந்துவிட்டார். ஸ்டெல்லா காட்டினாள். அவர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"துணி மறைச்சிரும்மா. வெளிய தெரியாது."

"தெரியுததப் பத்தி நான் பேசல அண்ணாச்சி. இதுமேல ஆளு உக்காரக் கூடாது."

"கேட்லருந்து கோயில் வாசல் வரைக்கும் முந்நூறு அடி. அஞ்சு நிமிசம். இப்பப் போயி வேற கழுதைக்கு எங்க போறது? நீதான பாத்துப் பேசி வச்ச?"

அவள்தான் பேசினாள். அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது. "நான் பேசினது இதை இல்ல. எதுன்னாலும் வேண்டாம். நடந்து போவோம்."

"மிருகத்த ஆளத்தான் மனுசனக் கடவுள் படைச்சாரு. இது ஒண்ணும் நான் சொல்றதில்ல. பைபிள்ல முதல் அதிகாரத்துலயே இருக்கு."

"ஆளச் சொன்னாரு, சரி. அவரு நம்மள ஆளுத மாதிரியா, நீங்க ஷாப்புல ஆளுகள ஆண்ட மாதிரியா?"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் தொழிற்சாலையில் அவர் ஷாப்பில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். ஒருவர் இருமினார். ஆரோக்கியசாமியின் முகம் சிவந்தது. மெகாபோனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "ஜெபகுமார், ஏறு," என்றார்.

ஜெபகுமார் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன். இதற்காகவே ஒரு மாதம் தாடி வளர்த்திருந்தான். வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். அந்நேரம் ஃபாதர் கிறிஸ்டோபர் சிவப்பு மேலங்கியைச் சரிசெய்தபடி வேகமாக வந்தார். எட்டே முக்காலுக்கு ஆங்கிலப் பூசை. அதற்குள் தமிழ்ப் பூசை முடிந்து வாகனங்கள் வெளியேறியாக வேண்டும். ஸ்டெல்லா அவரிடமும் சொன்னாள். அவர் எட்ட நின்றே கேட்டார்.

"ரொம்பப் பாவம்தான். அடுத்த வருஷம் முன்கூட்டியே பாத்துக்குவோம். இன்னைக்கு ஒருநாள், மெதுவா, சரியா?"

ஜெபகுமார் ஒரு கையைக் கழுதையின் தோளில் ஊன்றி ஒரு காலைத் தூக்கிப் போட்டான். முழு எடையும் இறங்கவில்லை. கழுதையின் தோல் முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது. முன்னங்கால் இரண்டும் மடங்கி, முகம் போய்த் தரையில் இடித்தது. கத்தவில்லை. அப்படியே இருந்தது. ஜெபகுமார் துள்ளி விலகினான்.

"ஸாரி ஃபாதர், என்னால முடியாது. இட்ஸ் நாட்... எனக்கு வேண்டாம்," என்றான்.

ஃபாதர் சிலுவைக் கம்பை ஏந்தி நின்றவரைப் பார்த்துத் தலையசைத்தார். பவனி புறப்பட்டது. மெகாபோனில் ஆரோக்கியசாமியின் ஓசன்னா வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டது. குருத்தோலைகள் அசைந்தபடி மதில் ஓரமாகத் திரும்பின. கழுதை இல்லை என்பதைக் கூட்டத்தில் பின்னால் வந்தவர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. அவ்வளவு சுலபமாக அது இல்லாமல் நடந்துவிட்டது. அதற்காகவா இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்று ஸ்டெல்லாவுக்கு ஆத்திரமாக வந்தது.

இவர்கள் தமிழில் பேசியது புரியாமல் மரத்தடியில் குந்தியிருந்த கிருஷ்ணா எழுந்து வந்து, கழுதையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கி நிறுத்தினான். ஸ்டெல்லா அவன்மேல் பாய்ந்தாள்.

"நான் காட்டினது எது, நீ கொண்டுவந்தது எது? புண்ணோட இருக்கறத எதுக்குக் கொண்டுவந்தே?"

அவன் அவளைப் புரியாமல் பார்த்தான். "புண்ணு இருக்கறதனாலதான் தீதி கொண்டுவந்தேன். இத அஞ்சு நாளா வேலைக்கு விடல. சர்ச்சுக்காரங்க பூ வப்பாங்க, புல்லு குடுப்பாங்க, பாரம் ஏத்த மாட்டாங்கன்னு நெனச்சேன். ஆள ஏத்துவீங்கன்னு நீங்க சொல்லலியே."

அவள் சொல்லத்தான் இல்லை.

வளாகத்தின் பின்பக்கக் குழாயடிக்குக் கழுதையை நடத்திப் போனார்கள். ஸ்டெல்லா ஔந்தில் இருக்கும் மாட்டு டாக்டர் ஒருவருக்கு ஃபோன் செய்தாள். தொழிற்சாலைக் காவல் நாயைப் பாம்பு கடித்தபோது பழக்கமானவர். அவர் சொன்ன ஸ்ப்ரேயை வாங்கிவரக் கிருஷ்ணாவை அனுப்பிவிட்டு, தன் பையில் எப்போதும் இருக்கும் பஞ்சையும் இடுக்கியையும் எடுத்தாள். கோயிலுக்குள் பிரசங்கம் தொடங்கியிருந்தது. குழாயடிக்கு மேலேயே ஒலிபெருக்கி.

"அந்த எளிய மிருகத்தைப் பாருங்கள். ஆண்டவரைச் சுமக்கும் பேறு அதற்குக் கிடைத்தது. நாமும் அந்தக் கழுதையைப் போல..."

ஸ்டெல்லா உப்புத் தண்ணீரை ஊற்றினாள். கழுதை பின்னங்காலால் உதைத்தது. அவள் முழங்காலுக்குக் கீழே சுரீரென்றது. "உதை. என்னை உதைக்காம யாரை உதைப்பே," என்று சொல்லிவிட்டு மறுபடி ஊற்றினாள். ஆண்டவர் எருசலேமுக்குப் போனபோது கூட இருந்தவர்கள் எல்லோரும் அந்த வாரம் முடிவதற்குள் ஓடிவிட்டார்கள். அவருக்குக் கீழே நின்று அவர் பாரத்தைத் தாங்கியது இந்தச் சாதி ஒன்றுதான். அதற்கு யாராவது தண்ணீர் காட்டினார்களா, அன்று சாயங்காலம் எங்கே கட்டினார்கள் என்று இவ்வளவு காலமாகத் தானும் ஒருநாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். கழுதையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். "ஐயோ பாவம்," என்றார்கள். இட்லி ஆறிவிடும் என்று மண்டபத்துக்குப் போனார்கள். கடைசியாக ஃபாதர் வந்தார்.

"பத்து நாள் இங்க கட்டி வச்சுக்கிடலாமா ஃபாதர்? அங்க கட்டடத்துல வெயில்லயும் தூசியிலயும் புண்ணு ஆறாது. பின்னால அந்த வேப்பமரத்தடி சும்மாதான கெடக்கு."

"பெரிய வியாழன், வெள்ளின்னு வரிசையா இருக்கு ஸ்டெல்லாம்மா. பார்க்கிங்குக்கே இடம் பத்தாது. பங்குப் பேரவையில கேக்காம நானா முடிவு பண்ண முடியாது. மராட்டிச் சமூகம் ஒண்ணு சொல்லும், கோவாக்காரங்க ஒண்ணு சொல்வாங்க." கொஞ்சம் தயங்கி, "நான் அதுக்காக ஜெபிக்கிறேன்," என்றார்.

"ஜெபம் நானே பண்ணிக்கிடுதேன் ஃபாதர். நான் கேட்டது நிழலு."

அவர் கோயில் பக்கம் திரும்பினார். ஆங்கிலப் பூசைக்கு மணி அடித்தது.

திங்கள் முதல் வேலை முடிந்து லோக்கலிலிருந்து இறங்கியதும் அவள் நேராகக் கட்டடத்துக்குப் போனாள். கிருஷ்ணா பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கட்டி நிழல் போட்டிருந்தான். கழுவி, ஸ்ப்ரே அடித்து, அயோடின் தடவி வீட்டுக்குப் போவதற்குள் ஏழரை ஆகிவிடும். கணவன் சேவியர் இரண்டு நாள் பொறுத்தான்.

"ஏட்டி, பாடுகளின் வாரத்துல சிலுவைப்பாதைக்கு வராம கழுதைகிட்ட போயி நிக்க. கோயில்ல கேக்குதாவ, நான் என்ன சொல்ல?"

"கழுதைகிட்ட நிக்கான்னே சொல்லுங்க."

"உனக்கும் அந்த ஃபாதருக்கும் சண்டை. அதுக்குக் கழுதை ஒரு சாக்கு."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனாலேயே அன்றைக்கு அவள் சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

புதன் சாயங்காலம் சந்துக்குள் திரும்பியவள் அப்படியே நின்றாள். பழுப்புக் கழுதை செங்கல் சுமந்து சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. புண்ணின் மேல் மடித்த சாக்கு. சாக்கில் ஈரம். மூன்று நாள் கழுவித் துடைத்ததெல்லாம் அந்தச் சாக்கில் உரிந்து வந்திருக்கும்.

அவள் ஓடிப்போய்க் கழுதையை நிறுத்தி, இரண்டு பக்கமும் தொங்கிய செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போடத் தொடங்கினாள். கிருஷ்ணா மேலே இருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தான்.

"நாளைக்குக் கான்கிரீட் போடறாங்க தீதி. ரெண்டு கழுதைக்குக் கால் நொண்டுது. இன்னைக்குள்ள கல்லு மேல போகலன்னா கான்ட்ராக்டர் வேற ஆளக் கூப்பிட்டுக்குவான்."

"செத்துப் போகும்டா இது."

"எனக்குத் தெரியாதா?" அவன் குரலும் ஏறியது. "நீங்க ஒரு நாளைக்கு அரை மணி வர்றீங்க, கழுவறீங்க, வீட்டுக்குப் போயிடறீங்க. மிச்ச நேரம் இதுகூட இருக்கறது நான். எங்க வீட்டுல சுடற முதல் பாக்ரி ரொட்டி இதுங்களுக்குத்தான். என் பொண்டாட்டி ஊட்டிவிட்டுட்டுத்தான் எனக்குத் தட்டு வப்பா. நீங்க என்னப் பாவிங்கற மாதிரி பாக்கறீங்க."

ஸ்டெல்லா அடுத்த செங்கல்லை உருவினாள். அதைக் கீழே போடாமல் நின்றாள். யாரிடமாவது கோபப்பட வேண்டும். ஃபாதருக்கு ஃபோன் போட்டாள், எடுக்கவில்லை. ஆரோக்கியசாமிக்குப் போட்டாள்.

"அண்ணாச்சி, வந்து பாருங்க. உங்க பவனிக் கழுதை செங்கல் சுமக்குது. ஆளணும் ஆளணும்னீங்களே, வந்து ஆளுங்க." அவர் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அவர் வருவார் என்று அவள் நினைக்கவில்லை. இருபது நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாக்கைத் தூக்கிப் பார்த்தார். கிருஷ்ணாவிடம் அரைகுறை இந்தியில், பாரத்தை முதுகெலும்பின் மேலேயே உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று திட்டினார். ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தரையில் கோடு கிழித்தார். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு திண்டு, நடுவில் இடைவெளி, பாரம் விலாவின் மேல் இறங்க வேண்டும்.

"இது ஆறுற வரைக்கும் இதுமேல எதுவும் கூடாது. மத்த ஆறுக்கும் இந்த மாதிரி பண்ணணும். இல்லன்னா அடுத்தது அதுல ஒண்ணு," என்றார்.

"இன்னைக்குக் கல்லு, சாஹேப்?"

ஆரோக்கியசாமி செங்கல் அடுக்கையும் மாடிப்படியையும் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். ஸ்டெல்லாவும் மடித்தாள். கிருஷ்ணாவின் மனைவி வந்தாள். கையிலிருந்து கைக்கு மாற்றி இருட்டுவதற்குள் இரண்டாவது மாடிக்கு ஏற்றியது பாதிக்கும் குறைவு. அதற்குள் ஆரோக்கியசாமிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மிச்சத்தை மற்ற கழுதைகள் ஏற்றின. கான்ட்ராக்டர் எப்படியும் கிருஷ்ணாவைத் திட்டத்தான் செய்தான்.

"ஞாயித்துக்கிழம சொன்னது தப்புன்னு நான் சொல்ல வரல," என்றார் ஆரோக்கியசாமி, ஸ்கூட்டரைக் கிளப்பும்போது. "எல்லார் முன்னாலயும் நீ அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"சரி அண்ணாச்சி."

"சரின்னா?"

"பேசியிருக்கக் கூடாது. ஆனா பேசாம இருந்தா நீங்க கேட்டிருக்க மாட்டீங்க."

அவர் போய்விட்டார். பெரிய வெள்ளி அன்று மதியம் ரெக்சின் தைக்கிறவன் ஒருவன், பழைய பஸ் சீட்டின் ஸ்பாஞ்சில் செய்த திண்டு ஒன்றை ஆரோக்கியசாமி சொன்னதாகக் கிருஷ்ணாவிடம் கொண்டுவந்து கொடுத்தான். அளவு சரியில்லை, வேறொரு கழுதைக்குப் போட்டபோது ஒரு பக்கமாகச் சரிந்தது. திருப்பி அனுப்பினார்கள்.

ஈஸ்டர் ஞாயிறு முடிந்து திங்கள் காலை ஃபாதரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. பங்கு இதழில் படைப்பின் மேல் அன்பு என்று ஒரு பக்கம் போடப்போகிறார்களாம். ஸ்டெல்லாம்மா கழுதைக்கு மருந்து போடும் படம் இருந்தால் அனுப்ப வேண்டுமாம். ரயிலில் நின்றுகொண்டே அதை இரண்டு தடவை படித்தாள். கோபத்தில் கண் கலங்கியது. "நேர்ல வாங்க ஃபாதர். பஞ்சு தீந்துபோச்சு," என்று தட்டி அனுப்பினாள்.

செவ்வாய் சாயங்காலம் அவர் வந்தார். வெள்ளை அங்கி இல்லை, சட்டை, பேண்ட். கையில் மருந்துக்கடைப் பை. சந்தின் சகதியில் ஷூவை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வந்தார். ஃபோன் ஒலித்தது, எடுக்காமல் அணைத்தார். புண்ணின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுத் தோல் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. நடுவில் இன்னும் சிவப்புதான். இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை கிருஷ்ணா பொறுப்பான் என்று ஸ்டெல்லாவுக்கு நம்பிக்கை இல்லை.

இவர் சர்ச் பாதிரியார் என்று தெரிந்ததும் கிருஷ்ணாவின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "பாபா, இதுமேல கைய வச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள்.

ஃபாதர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். அவர் மெல்லக் கையை நீட்டினார். கழுதை கழுத்தை விலக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றது. அவர் கை அப்படியே காற்றில் நின்றது.

"என்னைப் பிடிக்கல போல," என்றார் சிரிக்கப் பார்த்தபடி.

"ஆள் புதுசு. அதுக்குத் தெரியாதுல்லா." ஸ்டெல்லா கயிற்றை அவரிடம் நீட்டினாள். "இதப் புடிங்க. நான் கழுவணும்."

அவர் பிடித்துக்கொண்டார். அவள் பாத்திரத்தில் உப்பைக் கரைத்தாள்.

"வலிக்குமா அதுக்கு?"

"வலிக்கும். உதைக்கும். இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, கொஞ்சம் கிட்ட வாங்க ஃபாதர்."